நியமமும் விசுவாசமும்

நற்பிட்டிமுனையை அடுத்த கல்முனைப் பட்டினத்திலே உவெஸ்லி உயர்தரப் பாடசாலை இருக்கின்றது. சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அயலவராய் வாழும் இப்பகுதியில் அப்பெயரைக் கேளாதார் அரியர். ஆயின், அப்பெயருக்குரியவரின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது யாது எனச் சிந்தித்தோர் சிலரே.

ஜோன் உவெஸ்லி 1703ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்தார். ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே தம்பி சாள்ஸும் நண்பர் சிலரும் சேர்ந்த சிறு குழுவுக்குத் தலைமை தாங்கினார். புதனும் வெள்ளியும் உபவாசம், குறித்த நேரத்தில் ஜெபம், சிறைக்கூடத்திலே கைதிகளைச் சந்தித்தல் என அவர்கள் வாழ்வு முழுவதற்கும் வரம்பு கட்டினர். இதனைக் கண்ட சக மாணவர், முறைக்காரர் எனப் பொருள்படும் 'மெதடிஸ்த' என்ற பெயரைச் சூட்டி நகைத்தனர்.

1735இல் அவர் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குக் கப்பலேறினார். 1736 ஜனவரியில் நடுக்கடலிலே பெரும்புயல் மோதியது. பாய் கிழிந்தது, பயணிகள் அலறினர், உவெஸ்லியும் மரணத்துக்கு அஞ்சினார். அதே கப்பலிலிருந்த மொறேவியக் கிறிஸ்தவர்களோ, பெண்களும் பிள்ளைகளுமாய் அமைதியாகத் தோத்திரம் பாடிக்கொண்டிருந்தனர். தாம் காத்த நியமங்கள் அத்தனையும் அந்த அமைதியைத் தமக்குத் தரவில்லை என்பதை அவர் உணர்ந்தார்.

1738 மே 24ஆம் நாள் மாலை, இலண்டனில் ஒரு சிறு கூட்டத்திலே, உரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டார். தம் ஒழுக்கமன்று, கிறிஸ்து ஒருவரே தமக்குப் போதும் என்னும் உறுதி அப்போது அவருள்ளத்தில் பிறந்தது.

அதன் பின்னர் அவர் நியமங்களைக் கைவிட்டாரா? இல்லை. விடியுமுன் எழுவதும் ஏழைகளுக்கு இரங்குவதும் இறுதிவரை தொடர்ந்தன. முன்னர் இறைவன் தயவைப் பெறுவதற்காகச் செய்தவற்றைப் பின்னர் பெற்ற தயவுக்கு நன்றியாகச் செய்தார். ஐயமும் சோர்வும் மீண்டும் அணுகாமலில்லை. ஆயின், பற்றிக்கொள்ள ஒருவர் இருந்தார். 1791இல் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஊரூராய்ச் சென்று உழைத்தார். அவர் வழிவந்த ஊழியர் 1814இல் இலங்கை வந்தனர். அவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிலே கல்விப் பணியைத் தொடங்கி, ஓராண்டு நிரம்புமுன் அங்கேயே உயிர்நீத்தார்.

இவ்வுண்மை நம் இல்லங்களுக்கும் உரியது. "இத்தனை ஞாயிறு ஆலயம் சென்றேன்; ஆகவே சித்தியடைவேன்" என மாணவன் கணக்குப் பார்த்தால், அவன் நம்புவது தன் நியமத்தையே. கருத்தூன்றிப் படித்து, பெறுபேறு எதுவாயினும் கிறிஸ்து தன்னைக் கைவிடார் என்று அமைதி கொள்வதே விசுவாசம். நோயுற்ற குழந்தையருகே விழித்திருக்கும் தாய், "நான் செய்த எக்குறையால் இது வந்ததோ" எனத் தன்னையே வருத்த வேண்டியதில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு, மனப்பாரத்தை அவரிடம் ஒப்படைக்கலாம்.

வயலுக்கு வரம்பு வேண்டும். ஆயின், நீர் பாயாத வயலில் வரம்பு எத்துணை உயர்ந்திருந்தும் கதிர் காணாது. நியமம் வரம்பு, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசமே நீர்.