கேபினெட்டில் கார் பளபளப்பு

கணினியின் உறுப்புகளைத் தாங்கி நிற்கும் பெட்டிக்குக் கடைகளில் பெயர் கேபினெட். வீடுகளில் அதையே சி.பி.யூ. என்கிறார்கள், சி.பி.யூ. என்பது உள்ளே தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கும் சில்லுதான் என்பது வேறு விஷயம். பெரும்பாலான கேபினெட்டுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில், துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனவை. முன்முகம் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். தகட்டின் மேல் தொழிற்சாலையில் ஏறுவது பவுடர் கோட்டிங், அதாவது தூளாகத் தூவி, அடுப்பில் உருக்கிப் படியவைத்த பூச்சு. உறுதியானது, ஆனால் பெரும்பாலும் சொரசொரப்பானது. கார் கதவில் முகம் தெரிவதுபோல அதில் தெரியாது. அந்தப் பளபளப்பை வீட்டிலேயே கொண்டுவர முடியும். செலவு குறைவு, உழைப்பு அதிகம், காத்திருப்பு அதைவிட அதிகம்.

1920களின் தொடக்கத்தில்கூடக் கார்களுக்கு வண்ணம் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆனது. அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் விரைவில் காயும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை 1923இல் டியூகோ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லாண்ட் கார் அந்த லாக்கரில் நீல நிறமாக வெளிவந்தது. நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் ‘டியூகோ பெயிண்ட்’ என்று சொல்வது அந்தப் பழைய வணிகப் பெயரைத்தான். கம்ப்ரசரும் துப்பாக்கியும் இல்லாமல் வீட்டில் பெயிண்ட் அடிக்க வழிசெய்த ஸ்பிரே டப்பா, 1949இல் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர் உருவாக்கியது.

வேலை திருப்புளியில் தொடங்குகிறது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன், வயர்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எந்த வயர் எங்கே இருந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்காதவர், திரும்ப மாட்டும்போது பவர் சுவிட்சின் இரண்டு மெல்லிய வயர்களுக்கு இடம் தேடி அரை நாளைத் தொலைப்பார். உள்சட்டத்துக்கும் வண்ணம் வேண்டுமென்றால் ரிவெட்டுகளை டிரில் போட்டு எடுக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் போதும் என்பவருக்கு அந்த வம்பு தேவையில்லை.

கார் பட்டறைக்காரருக்கு அவ்வளவாக இல்லாத ஒரு கவலை இங்கே உண்டு. மதர்போர்டின் திருகுகளும் பவர் சப்ளையின் உடலும் கேபினெட்டின் இரும்போடு நேராகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எர்த் இணைப்பு பெட்டி முழுவதும் பரவுவதும், மின்காந்த இரைச்சல் வெளியே போகாமல் அடங்குவதும் அந்தத் தொடுதலால்தான். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே திருகுத் துளைகள், மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தண்டுகள், பவர் சப்ளை அமரும் இடம், பின்புறச் செவ்வகத் திறப்பின் ஓரங்கள் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். பக்கப் பலகை நழுவி நுழையும் விளிம்புகளிலும் பூச்சு தடிக்கக் கூடாது. எல்லா அடுக்கும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும்; பலகை சிக்கிக்கொள்ள அதுவே போதும்.

பளபளப்பு உண்மையில் பிறப்பது வாட்டர் பேப்பரில். அடியில் உள்ள மேடுபள்ளத்தைப் பெயிண்ட் மறைக்காது; பளபளக்கப் பளபளக்க அதை எடுத்துத்தான் காட்டும். முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். சிலிக்கோன் கலந்த பாலிஷ் சிறிது ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் நிற்காமல் விலகி, மீன்கண் போல வட்ட வட்டமாகக் குழியும். பிறகு 320ஆம் நம்பர் பேப்பரால் பழைய பூச்சின் சொரசொரப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். இரும்பு தெரியும்வரை தேய்ப்பது வீண் வேலை, துத்தநாகமும் போய்விடும். தப்பித் தவறித் தெரிந்துவிட்டால் அங்கே எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். நெளிசலுக்கும் ஆழமான கீறலுக்கும் பட்டி பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். முகப்பைத் தின்னரால் துடைத்தால் பிளாஸ்டிக்கே இளகும். அதற்குப் பிளாஸ்டிக் பிரைமர் தனியாக உண்டு.

பிரைமர் இரண்டு மூன்று கை அடித்துக் காய்ந்த பிறகு பட்டறைகளில் ஒரு தந்திரம் செய்வார்கள். கறுப்பு பெயிண்ட்டைத் தூரத்திலிருந்து, தூசி படிந்த மாதிரி, மெல்லத் தூவுவார்கள். தட்டையான மரக்கட்டையில் 400 அல்லது 600ஆம் நம்பர் பேப்பரைச் சுற்றி, நீர் விட்டுத் தேய்த்தால் மேடான இடங்களில் கறுப்பு முதலில் அழியும். பள்ளத்தில் புள்ளியாகத் தங்கும். கண்ணுக்குத் தெரியாத குழியைக் காட்டிக்கொடுக்க இதைவிட எளிய வழி இல்லை. கடைசிப் புள்ளியும் மறையும்வரை பூசுவதும் தேய்ப்பதுமாகத்தான் பொழுது போகும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் இந்தக் கட்டத்தைத்தான்.

நிறம் அடிப்பது இதோடு ஒப்பிட்டால் சுலபம். டப்பாவின் உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பின்பும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். பலகைக்கு வெளியே பீய்ச்சத் தொடங்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் நேர்கோடாகக் கையை நகர்த்தி, மறுபக்கம் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூடட்டும். முதல் கை மெலிதாக இருந்தால் போதும். அடுத்தடுத்த கைகளுக்கு இடையே பத்துப் பதினைந்து நிமிடம். ஒரேயடியாக அடித்தால் ஒழுகிவிடும், தூரமாக அடித்தால் ஆரஞ்சுத் தோல் போலப் பொரியும். மழைநாளில் லாக்கர் அடிக்கவே கூடாது. ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விப்பதால் காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மை பூத்துவிடும். முதல் முயற்சிக்குக் கறுப்பும் மெட்டாலிக்கும் வேண்டாம். கறுப்பு எல்லாக் குறையையும் காட்டும்; மெட்டாலிக்கில் அலுமினியத் துகள்கள் பலகைக்குப் பலகை வேறு திசையில் படிந்து, ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும்.

ஸ்பிரே டப்பாவிலிருந்து வரும் வாயுவும் கரைப்பானும் தீப்பிடிப்பவை. பூஜை விளக்கு, அடுப்பு எரியும் வீட்டுக்குள் அடிக்கக் கூடாது. காற்றோட்டமான திறந்த இடம் வேண்டும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள கவசம் தேவை. நிறத்தின் மேல் ஏறும் கிளியர் பூச்சில் ‘2கே’ என்ற இருபொருள் வகை கார் தரத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். அதை உரிய காற்று வசதியுள்ள பெயிண்ட் பட்டறையிடம் விடுவதே புத்திசாலித்தனம். வீட்டுக்குச் சாதாரண அக்ரிலிக் கிளியர், நான்கைந்து கை, போதும்.

கிளியர் ஒரு வாரமாவது காயட்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது, மூக்கருகே கொண்டுபோனால் வாடை வரக் கூடாது. பிறகு 1500, அடுத்து 2000ஆம் நம்பர் பேப்பரைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்க்கும்போது பளபளப்பு மொத்தமும் போய்ப் பலகை சாம்பல் பூத்தாற்போல் மங்கும். பதற வேண்டியதில்லை, ஆரஞ்சுத் தோல் சமமாகிறது என்று பொருள். ஓரங்களில் மட்டும் கை லேசாகப் படட்டும். அங்கே பூச்சு மெலிதாக இருப்பதால் நான்கு இழுப்பில் நிறமே கிளம்பி வந்துவிடும். அதன்பின் ரப்பிங் காம்பவுண்டை மென்துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால், மங்கலுக்குள்ளிருந்து மேலே தொங்கும் குழல்விளக்கின் உருவம் கோணாமல் எழும்.

உறுப்புகளை மாட்டும்போது திருகுகளுக்குப் பிளாஸ்டிக் வாஷர் போட்டால் பூச்சு உரியாது. மதர்போர்டு, பவர் சப்ளை திருகுகளுக்கு மட்டும் அது கூடாது. மெழுகு பாலிஷை ஒரு மாதம் கழித்தே பூச வேண்டும், அடிப்பூச்சில் மிஞ்சிய கரைப்பான் வெளியேற அவ்வளவு நாளாகும். அதுவரை தூசி படிந்தால் ஈரத் துணி போதும்.