பாளையங்கோட்டையின் பந்தி: ஒரு விடுதிச் சமையலறையின் வரலாறு

பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று அழைப்பது வழக்கம். நூற்றாண்டு கடந்த கல்லூரிகளையும் பள்ளிகளையும் எண்ணிப் பார்த்துச் சூட்டப்பட்ட பட்டம் அது. அந்தக் கல்வி மரபின் தொடக்கத்தில் எழுந்த முதற்பெரும் பூசல் பாடத்தைப் பற்றியதன்று, சோற்றைப் பற்றியது என்பது பட்டத்தைப் பாராட்டுவோர் பலருக்கும் நினைவில் இல்லை.

சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியரான ஜெர்மானியர் ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்ததோடு, ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்க ஒரு செமினரியையும் தொடங்கினார். அது விடுதியோடு கூடிய பயிற்சிப் பள்ளி. பல சாதிகளிலிருந்தும் வந்த மாணவர்கள் அங்கே ஒன்றாகத் தங்கவும், ஒரே சமையலை ஒன்றாக அமர்ந்து உண்ணவும் வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு. வெள்ளாள மாணவர்கள் மறுத்தார்கள். ரேனியஸ் விதியைத் தளர்த்தவில்லை. விடுதியைக் கலைத்து மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார். விதியை ஏற்றவர்களைக் கொண்டே பின்னர் அது மீண்டும் நடந்தது.

வகுப்பறையில் எழாத சிக்கல் விடுதியில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. பகற்பள்ளியில் சாதி சில மணி நேரம் அடங்கியிருக்க முடியும். தள்ளி உட்காரலாம், வேறு பலகையில் உட்காரலாம், மாலையில் வீட்டுக்குப் போய்க் குளித்தும் விடலாம். விடுதியில் அந்தத் தப்பிப்பு இல்லை. தண்ணீர் இறைப்பது யார், உலை வைப்பது யார், பரிமாறுவது யார், இலை போட்ட வரிசையில் பக்கத்தில் இருப்பது யார் என்னும் கேள்விகளுக்கு நாள்தோறும் மும்முறை விடை சொல்லியாக வேண்டும். தீட்டு என்னும் கருத்து நடைமுறையில் உயிர்வாழும் இடம் சமையலறை. அதனால்தான் ஒரு பள்ளியின் சமத்துவத்தை அதன் பாடத்திட்டத்தைக் கொண்டு அளப்பதைவிட அடுக்களையைக் கொண்டு அளப்பது நம்பகமானது.

எதிர்ப்பு மாணவர்களோடு நிற்கவில்லை. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் புகழ்பெற்ற கிறித்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், சாதியை ஒழிக்க முனைந்த புதிய மிஷனரிகளைக் கண்டித்து 1829இல் விரிவாக எழுதினார். சாதி என்பது சமயத்தைச் சேர்ந்ததன்று, குடிமை வழக்கம் மட்டுமே. ஆகவே திருச்சபை அதில் தலையிடலாகாது என்பதே அத்தரப்பின் வாதம். இன்றும் 'பண்பாடு' என்ற பெயரில் நம் காதில் விழும் வாதம்தான். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபின், தஞ்சாவூர் வெள்ளாளக் கிறித்தவர்களில் பலர் சபையைவிட்டே விலகினர்.

ரேனியஸைக் கொண்டாடும்போது மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. திருநெல்வேலித் திருச்சபையில் பெருந்தொகையாகச் சேர்ந்தவர்கள் அன்று சாணார் எனப்பட்ட நாடார்கள். ஆகவே பூசலின் கோடு பெரும்பாலும் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையே வரையப்பட்டது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் இவ்விரு சாதியினரையும் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்வியும் சபைப் பதவிகளும் நாடார்களை மேலே உயர்த்தின. அது நியாயமான எழுச்சி. ஆனால் அதே கோயில்களிலும் பள்ளிகளிலும் இருந்த பள்ளர், பறையர் பிள்ளைகள் இவ்வழக்கின் மையத்துக்கு வரவேயில்லை.

நூறாண்டுக்குப் பின் அதே தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டைக்கு மேற்கே சேரன்மாதேவியில், இவ்வழக்கு மறுபடியும் வந்தது. இம்முறை நடத்தியவர்கள் தேசியவாதிகள். வ.வே.சு. ஐயரின் குருகுலத்திற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு ஐயாயிரத்தைக் கொடுத்திருந்தது. பொதுமக்கள் பணத்தில் நடந்த அந்த விடுதியில் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்டனர் என்ற செய்தி வெளிவந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைப் பொதுப் போராட்டமாக்கினார்கள். ஏற்கனவே பெற்றோருக்கு வாக்களித்த இருவருக்கும் விலக்குத் தரலாம், இனிச் சேர்பவர்களுக்குக் கூடாது என்று காந்தி சமரசம் சொன்னார். 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். தமிழக அரசியலைத் திருப்பிய இந்த விவாதம் முழுவதும் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற சொற்களிலேயே நடந்தது. பஞ்சமச் சிறுவனுக்கு அந்தப் பந்தியில் இலை உண்டா என்ற கேள்வியை அது உரக்கக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி கேட்டது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பகுதி அது. அங்குள்ள ஒன்றியப் பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் தவிர்த்தார்கள். மறுத்தது பிள்ளைகள் எனினும் மறுக்கச் சொல்லிக்கொடுத்தது வீடு. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வந்து உடன் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர், உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டிருந்தார்.

அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை அளித்தது. சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் போன்ற அதன் பரிந்துரைகள் வரவேற்கத்தக்கவை. ஒன்றியந்தோறும் பொதுச் சமையற்கூடம் என்ற பரிந்துரையைப் பற்றி மட்டும் மாணவர் இயக்கங்கள் கூடுதலாகப் பேச வேண்டும். உணவு வண்டியில் வந்து இறங்கினால் சமைத்தவர் யாரென்று தெரியாது, பூசலும் குறையலாம். ஆனால் ஊர்ப் பள்ளி அடுப்படியில் உரிமையோடு நின்ற தலித் பெண் அப்போது கண்ணில் படாத தொலைவுக்குப் போய்விடுவார். மறுத்தவர்களின் வசதிக்காகச் சமையலறை இடம் மாறுகிறது. ரேனியஸின் விடுதியில் சமையலறை இருந்த இடத்திலேயே இருந்தது. மறுத்தவர்கள்தாம் வீட்டுக்குப் போனார்கள்.