காலி டேங்கில் பாதி காட்டும் முள்: ஒரு பழைய மெட்டடார் வேனின் டீசல் மீட்டர் பற்றிய குறிப்புகள்

போன ஐப்பசியில ஒரு ராத்திரி பெரியம்மாவுக்கு நெஞ்சு வலி. பூலாம்பாடியில இருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பெரியப்பா வீட்டு மெட்டடார் வேன்தான் கைவசம் இருந்தது. கிளம்பும்போது டீசல் மீட்டரைப் பார்த்தேன். முள் பாதியில் நின்றது. போதும் என்று நினைத்துக்கொண்டேன். அரும்பாவூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இஞ்சின் இருமியது, அப்புறம் நின்றே போனது. அப்பவும் முள் பாதியில்தான் இருந்தது.

டீசல் வண்டியில எண்ணெய் தீர்ந்தா, கேன்ல வாங்கி ஊத்தினவுடன் கிளம்பிடாது. பைப்பில் காற்று ஏறியிருக்கும். ஃபில்டர் மேல இருக்கிற காற்றுத் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடிச்சு, குமிழி இல்லாம டீசல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ராத்திரி, டார்ச் வெளிச்சத்துல, பின் சீட்டுல நோயாளியை வச்சுக்கிட்டுச் செய்யற வேலை இல்லை அது. பின்னால் வந்த ஒரு கார்க்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார். பெரியம்மா இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு வேனில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "அந்த முள்ளு சரியாகட்டும், அப்புறம் வரேன்" என்பதுதான் அவர் பேச்சு.

அதனால் அந்த முள்ளை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆராய்ந்தேன். கண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

வண்டியைப் பற்றி

வெளிநாட்டுக்காரர்கள் 'கேம்பர் வேன்' என்றால் ஃபோக்ஸ்வாகன் வேனைச் சொல்வார்கள். நம்ம பக்கத்துக்கு அந்த வேலையைச் செய்தது மெட்டடார்தான். புனே பக்கத்தில் அகுர்டியில் பஜாஜ் டெம்போ கம்பெனி செய்தது. பெயரும் அமைப்பும் ஜெர்மனியில் இருந்து வந்தவை. கம்பெனியின் பெயர் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் பின்னால் தரை தாழ்வாக இருக்கும். சீட்டைக் கழற்றி ஜமுக்காளம் விரித்தால் ஒரு குடும்பம் படுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சிறுவாச்சூர், சமயபுரம், பழனி, வேளாங்கண்ணி எல்லாம் இப்படித்தான் போனோம். அடுப்பு, அரிசி, குடம் எல்லாம் வண்டிக்குள்ளேயே.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது

மூன்று பாகம்தான். ஒன்று, டேங்குக்குள் மிதவை. எண்ணெய் ஏற ஏற அதன் கை மேலே போகும். கையின் மறுமுனை ஒரு மின்தடைக் கம்பிச் சுருளின் மேல் உரசிக்கொண்டு நகரும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'டேங்க் ஃப்ளோட்' என்கிறார்கள். இரண்டு, டேஷ்போர்டில் இருக்கிற மீட்டர். மூன்று, இரண்டையும் இணைக்கும் ஒரே ஒரு ஒயர்.

ஒரே ஒயர் என்றால் மின்சாரம் எப்படித் திரும்பிப் போகும்? வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. பேட்டரியின் மைனஸ் பாடியில்தான் கட்டியிருக்கும். ஃப்ளோட்டின் இரும்பு மூடி டேங்கில் திருகியிருக்கும், டேங்க் சேஸிஸில் தொங்கும். இந்தத் திரும்பும் வழியை 'எர்த்' என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்த நாலாவது பாகத்தை நாம மறந்துடறோம். நானும் மறந்தேன்.

முதல் இரண்டு ஞாயிறு: தப்பான வழி

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், "மீட்டர் போயிருச்சு, மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். புது மீட்டரும் காலி டேங்குக்குப் பாதிதான் காட்டியது. "அப்போ ஃப்ளோட்டு தம்பி" என்றார்.

அதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். படித்ததில் பாதி இடத்தில் ஒரே வாக்கியம்: "எர்த் கெட்டால் முள் குறைவாகக் காட்டும்." எங்கள் முள் அதிகமாகக் காட்டுகிறது. ஆகவே எர்த் காரணமில்லை என்று ஒதுக்கிவிட்டு, ஒயர் எங்கேயாவது உரசிப் பாடியில் படுகிறதா என்று பின்னாலிருந்து முன்னால் வரை தேடினேன். ஒரு முழு ஞாயிறு போச்சு. ஒயர் நன்றாகவே இருந்தது.

தப்பு எங்கே என்றால், அந்த வாக்கியம் பாதி வண்டிகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இரண்டு சாதி மீட்டர்

மிதவையின் தடை எந்தத் திசையில் மாறுகிறது என்பதைப் பொறுத்து மீட்டரில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் டேங்க் நிறைய நிறையத் தடை குறையும். அமெரிக்க ஸ்டூவர்ட் வார்னர் அளவு அப்படி: காலிக்கு 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். அம்பாசடர் மாதிரியான பிரிட்டிஷ் வழி வந்த கார்களும் இந்தத் திசைதான். பழைய ஃபோக்ஸ்வாகன் வேனும் அப்படியே: காலிக்கு சுமார் 73, நிறைந்தால் 10.

இரண்டாவது வகையில் நிறைய நிறையத் தடை கூடும். ஜெர்மன் வி.டி.ஓ. மீட்டர்களில் பரவலாக இருக்கும் அளவு இது: காலிக்கு 10 ஓம், நிறைந்தால் 180 ஓம்.

இப்போது எர்த் துருப்பிடித்தால் என்ன ஆகும்? துருவும் ஒரு தடைதான். அது ஃப்ளோட்டின் தடையோடு கூட்டலாகச் சேரும். முதல் வகையில் தடை கூடினால் முள் 'காலி' பக்கம் சாயும். டீசல் இருந்தும் இல்லை என்று சொல்லும், அது பரவாயில்லை, பயந்து போய் பங்க்குக்குப் போவோம். இரண்டாவது வகையில் தடை கூடினால் முள் 'ஃபுல்' பக்கம் சாயும். டீசல் இல்லாமலே இருக்கு என்று சொல்லும். ஆளை நடுரோட்டில் நிறுத்துவது இதுதான்.

வண்டி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது

ஒரு நிமிட வேலை. சாவியைத் திருப்பி (இஞ்சினைக் கிளப்ப வேண்டாம்), ஃப்ளோட்டில் இருந்து ஒயரைக் கழற்றுங்கள். ஒயர் எதையும் தொடாமல் இருக்கும்போது தடை எல்லையில்லாதது. முள் 'காலி'க்குப் போனால் முதல் வகை. 'ஃபுல்'லைத் தாண்டிப் போனால் இரண்டாவது வகை. பிறகு அதே ஒயரைப் பாடியில் சுத்தமான இரும்பில் ஒரு கணம் தொடுங்கள். முள் எதிர்ப் பக்கம் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் ஓடினால் மீட்டரும் ஒயரும் நல்லது, கோளாறு டேங்க் பக்கம். இரண்டுக்கும் அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், மீட்டருக்கு வரும் 12 வோல்ட், நடுவில் அறுந்த ஒயர் என்று முன் பக்கம் தேட வேண்டும்.

எச்சரிக்கை: பெட்ரோல் வண்டியில் இதை டேங்க் வாயருகே செய்யாதீர்கள். சின்னப் பொறி போதும். நீளமான ஒயர் ஒன்றை இணைத்துத் தள்ளி நின்று செய்யுங்கள். பாடியில் தொட்டபடியே பிடித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. சில பழைய மீட்டர்கள் சூடாகிக் கெட்டுவிடும்.

எங்கள் முள் 'ஃபுல்'லைத் தாண்டி ஓடியது. இரண்டாவது வகை. அப்போதுதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வீணாய்ப் போனது ஏன் என்று புரிந்தது.

பெரியப்பா சொன்ன துப்பு

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா சொன்னார்: "இந்த வண்டி மைலேஜ் மாதிரி எதுலயும் வராது தம்பி. ஃபுல் டேங்க் போட்டா முள்ளு நாலஞ்சு நாளைக்கு அசையவே அசையாது."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் சட்டுனு எறங்கும்."

"எப்போலேருந்து இப்படி?"

"டேங்க்கைக் கழட்டிப் பெயின்ட் அடிச்சோம்ல, அதுலேருந்து நல்ல மைலேஜ்."

இதில் எல்லாமே இருக்கிறது. மிதவை ஓட்டை விழுந்து மூழ்கியிருந்தால் முள் எப்போதும் அடியிலேயே கிடக்கும். மிதவைக் கை சிக்கியிருந்தால் முள் ஒரே இடத்தில் நிற்கும். எங்கள் முள் நகர்கிறது, ஆனால் எப்போதும் ஒரே அளவு மேலே நிற்கிறது. அதாவது ஒரு தடை கூட்டலாகச் சேர்ந்திருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது அந்தக் கூடுதல் முள்ளை எல்லைக்கு மேலே தள்ளிவிடுகிறது. அது உண்மையான எல்லைக்குள் இறங்கும் வரை முள் அசையாது. அவர் மைலேஜ் என்று நினைத்தது அதைத்தான். ஆரம்பித்தது எப்போது என்றால், டேங்க் கழற்றி மாட்டியபோது.

மூன்று அளவு

மூன்றாவது ஞாயிறு மல்டிமீட்டர் எடுத்தேன். சாவி ஆஃப். ஒயர் கழற்றியது. டேங்க் காலி. முதலில் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்க வேண்டும். அதன் ஒயருக்கே அரை ஓம் வரை காட்டலாம், அதைக் கழித்துக்கொள்ளணும்.

ஒன்று: ஃப்ளோட்டின் ஒயர் முனையில் இருந்து பேட்டரி மைனஸ் வரை. 82 ஓம். அதுவும் நிலையாக நிற்கவில்லை, டேங்க்கைத் தட்டினால் மாறியது.

இரண்டு: அதே முனையில் இருந்து ஃப்ளோட்டின் சொந்த இரும்பு மூடி வரை. 11 ஓம். காலி டேங்குக்கு இருக்க வேண்டிய அளவு. ஃப்ளோட் குற்றவாளி இல்லை.

மூன்று: ஃப்ளோட்டின் மூடியில் இருந்து பேட்டரி மைனஸ் வரை. கிட்டத்தட்ட 70 ஓம். இது பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இடம்.

10-லிருந்து 180 வரை போகும் மீட்டருக்கு 82 என்றால் ஏறக்குறைய நடு. முள் பாதியில் நின்றதன் கணக்கு அவ்வளவுதான். புது ஃப்ளோட் வாங்கியிருந்தாலும் இதே பாதிதான் காட்டியிருக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். டேங்க் சேஸிஸைத் தொடாமல் ரப்பர் பட்டை மேல் உட்கார்ந்திருந்தது. டீசல் பைப் ரப்பர். ஊற்றும் வாய்க் குழாய் ரப்பர். டேங்க்கைப் பிடிக்கும் பட்டையிலும் போல்ட்டிலும் தடிமனாகப் பெயின்ட். மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் கேஸ்கெட். இத்தனை காப்புக்கு நடுவில் எங்கோ ஒரு துருப்பிடித்த போல்ட் வழியாக மின்சாரம் திணறிக்கொண்டு போயிருக்கிறது. ஃப்ளோட் திருகு ஒன்றில் வெறும் வளைய முனை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்த எர்த் ஒயரைப் பெயின்ட் அடிக்கும்போது அறுத்துவிட்டோம். செய்தது நாங்களேதான்.

சரிசெய்தது

ஒன்றரை அடி ஒயர், இரண்டு வளைய முனை. ஒரு முனை ஃப்ளோட் திருகின் அடியில். மறுமுனை சேஸிஸில், பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும்படி செய்த இடத்தில், பல் வாஷர் போட்டு முறுக்கினேன். மேலே கிரீஸ் பூசினேன், மறுபடி துரு ஏறாமல் இருக்க. மூன்றாவது அளவை மறுபடி எடுத்தேன். அரை ஓமுக்கும் கீழே. சாவியைத் திருப்பினால் முள் 'காலி'யில் படுத்தது.

அத்தோடு விடவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 5 லிட்டர் கேனால் ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை ஒரு தாளில் வரைந்தேன். டேங்க் வடிவம் ஒரே சீராக இருக்காது என்பதால் பாதி முள் என்பது பாதி டீசல் ஆகாது. இந்தத் தாள் இப்போது டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறது. மீட்டரைத் தொட்ட எவரும் இதைச் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முள் அசைகிறது என்பது மட்டும்தான் தெரியும், உண்மை சொல்கிறதா என்பது தெரியாது.

மற்ற அறிகுறிகள், சுருக்கமாக

டீசல் மீட்டரும் சூட்டு மீட்டரும் சேர்ந்தே தப்பாகக் காட்டினால் (அம்பாசடர் வகை) டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அது விட்டு விட்டு மின்சாரம் தரும் சாதனம். டிஜிட்டல் மீட்டரில் எண் குதித்தால் பதற வேண்டாம், சின்ன பல்பு வைத்து மினுக்குகிறதா என்று பாருங்கள். அதன் எர்த் போனால் இரண்டு முள்ளும் அதிகமாகக் காட்டும்.

முள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குதித்தால் ஃப்ளோட்டின் கம்பிச் சுருள் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. ஃப்ளோட்டை வெளியே எடுத்துக் கையால் மெல்ல நகர்த்தி ஓம் அளந்தால் தெரியும்.

எப்போதும் காலி என்றால் மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் வந்தால் ஓட்டை.

புது ஃப்ளோட் வாங்கும்போது 'இந்த வண்டிக்கு' என்று மட்டும் கேட்காதீர்கள். மீட்டரின் ஓம் அளவைச் சொல்லி வாங்குங்கள். வகை மாறினால் முள் தலைகீழாக ஓடும்.

மீட்டரை நம்பாத காலமும் ஒன்று இருந்தது. ஆரம்பக் காலத்து ஃபோக்ஸ்வாகன் வேன்களில் மீட்டரே கிடையாது. நம்ம புல்லட், ராஜ்தூத் மாதிரி 'ரிசர்வ்' திருப்பும் கைப்பிடிதான். வண்டி இருமினால் திருப்பணும். ஒரு விதத்தில் அதுதான் நேர்மையானது: தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாது.

பெரியப்பாவுக்கு ஒரு வருத்தம். "மைலேஜ் கொறஞ்சு போச்சுடா" என்கிறார். பெரியம்மா போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்கு வேனில்தான் வந்தார். ஏறுமுன் முன் கதவைத் திறந்து முள்ளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்தார்.