தில்லியில் வீட்டுச் சாவி ஒருவரிடம், பத்திரம் யாரிடம்?

புது தில்லி: யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரிலோ, நகரின் மேற்கே ஜனக்புரியிலோ வீடு வாங்கப் புறப்படும் தமிழ்க் குடும்பம், ஊரில் பழகிய வழக்கப்படி முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. "புராப்பர்ட்டி டீலர்" என்று பெயர்ப் பலகை மாட்டியிருக்கும் தரகர் அதற்குப் பதிலாக ஒரு கோப்பை எடுத்து நீட்டுவார். விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில், பணம் பெற்ற ரசீது, உறுதிமொழிப் பத்திரம், வீட்டை ஒப்படைத்ததற்கான கடிதம் என எல்லாமே அதில் இருக்கும். கிரயப் பத்திரம் மட்டும் இருக்காது. தில்லியில் எல்லாம் இப்படித்தான் என்பது அவர் தரும் விளக்கம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. தலைநகரில் ஏராளமான வீடுகள் பல ஆண்டுகளாக இப்படித்தான் கைமாறி வந்துள்ளன. மீதிப் பாதியைச் சொன்னது உச்ச நீதிமன்றம். சூரஜ் லேம்ப் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையிலான மூவர் அமர்வு 2011 அக்டோபர் 11-ம் தேதி அளித்த தீர்ப்பு, விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில் ஆகியவற்றைக் கொண்டு நடக்கும் பரிமாற்றம் சொத்துரிமையை மாற்றித் தராது என்று திட்டவட்டமாகக் கூறிவிட்டது. முறையாக முத்திரைத் தீர்வை செலுத்திப் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் ஒன்றே விற்பனைக்கு ஆதாரம். வெளிநாட்டில் இருப்பவர் தன் மகனுக்கோ மனைவிக்கோ, வீட்டைப் பராமரிக்கவும் விற்கவும் உண்மையாகவே தரும் அதிகாரப் பத்திரத்தை இத்தீர்ப்பு பாதிக்காது என்பதும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

பவர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பத்திரத்தின் பலவீனம் சாதாரணமானதல்ல. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அது காலாவதியாகிவிடும். பணம் பெற்றுக்கொண்டு அளித்த பவர் இறப்பால் ரத்தாகாது என வாதிட ஒப்பந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த வாதம் வென்றாலும் வீட்டின் உரிமை வந்து சேராது. உயிலோ, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடியது. விற்றவரின் பிள்ளைகள் இருபது ஆண்டு கழித்து வந்து கதவைத் தட்டினால், வீட்டுக்காரர் காட்டுவதற்குச் சாவியும் ரசீதும்தான் இருக்கும்.

மக்கள் ஏன் இந்த வழிக்குப் போனார்கள்?

குற்றம் முழுவதும் தரகர்கள் மீதல்ல. டிடிஏ எனப்படும் தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-ல் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நகரைச் சுற்றியிருந்த நிலங்களை அரசு பெருமளவில் கையகப்படுத்தியது. மனைகளும் வீடுகளும் குத்தகை உரிமையில்தான் ஒதுக்கப்பட்டன. வாங்கியவர் விற்க வேண்டுமானால் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், நிலத்தின் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அதில் பாதியை "உழைக்காமல் வந்த லாபம்" என்ற பெயரில் கட்ட வேண்டும். மாற்றலாகிப் போகும் அரசு ஊழியரும் மகள் திருமணத்துக்குப் பணம் தேடியவரும் என்ன செய்வார்கள்? ஒதுக்கீடு தன் பெயரிலேயே இருக்க, பவர் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்கள்.

1992-ல் டிடிஏ வீடுகளைக் குத்தகையிலிருந்து முழு உரிமைக்கு மாற்றிக்கொள்ளும் திட்டம் வந்தது. பவர் வைத்திருந்தவர்களும் வழக்கமான கட்டணத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலுத்தித் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள அதில் வழி செய்யப்பட்டது. தீர்ப்புக்கு முன்பு நடந்த பரிமாற்றங்களை வைத்து ஆணையம் இவ்வாறு முறைப்படுத்துவதற்கு 2011 தீர்ப்பும் குறுக்கே நிற்கவில்லை. வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவர் பலர்; அலைச்சலுக்கு அஞ்சி விட்டுவிட்டவர்களும் உண்டு. அவர்களுடைய வீடுகள்தான் "கொஞ்சம் விலை குறைவு" என்று சந்தைக்கு வருகின்றன.

ஆகவே டிடிஏ வீட்டை வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முழு உரிமைக்கு மாற்றப்பட்டதா, உரிமை மாற்றுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதே. மாற்றப்படவில்லை என்றால், முதல் ஒதுக்கீட்டாளரில் தொடங்கி இன்று விற்பவர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அசல் தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் ஆணையத்தின் கவுன்டரில் மனு நின்றுவிடும். விற்பவரே முழு உரிமைக்கு மாற்றி முடித்துவிட்டுப் பிறகு கிரயம் செய்து தருவதாக ஒப்பந்தம் போடுவது நல்லது. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் விலையில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் வாங்குபவருக்கு நட்டமில்லை. பெரும்பாலான வங்கிகள் பவர் வீட்டுக்குக் கடன் தரத் தயங்குகின்றன. வங்கியின் வழக்கறிஞர் கையெழுத்திட மறுக்கும் கோப்பைச் சேமிப்பைப் போட்டு வாங்குவது எந்த வகையில் துணிச்சல் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

விற்பவருக்கும் இதில் பாடம் உண்டு. ஓய்வு பெற்றுச் சென்னைக்கோ திருச்சிக்கோ திரும்ப நினைப்பவர், விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட்டால் தரகரின் பேரம் பாதி அடங்கிவிடும்.

கூட்டுறவு வீட்டுச் சங்கக் குடியிருப்புகளில் சிக்கல் குறைவு. சங்க உறுப்பினர் சான்றிதழ் சொத்துரிமை அல்ல என்பதையும், பாக்கி ஏதுமில்லை எனச் சங்கத்தின் கடிதம் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும். தனி மனையில் நான்கு தளங்கள் கட்டித் தளத்துக்கு ஒருவருக்கு விற்கும் "பில்டர் ஃப்ளோர்" அப்படியல்ல. நிலத்தில் எத்தனை பங்கு, மொட்டை மாடி யாருக்கு, கார் நிறுத்துமிடம் எது என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்ட மொட்டை மாடியில் மேல்தளத்துக்காரர் ஒரு அறை கட்டிக்கொண்ட பிறகு வழக்குப் போடுவது தில்லியில் வாடிக்கை. வீடு வாங்குவோரைக் காக்க நாடாளுமன்றம் 2016-ல் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இங்கே கைகொடுக்காது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலமாகவோ, எட்டு வீடுகளுக்கு மிகாத கட்டடமாகவோ இருந்தால் பதிவு தேவையில்லை என்று அச்சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. ஒருவர் வாங்கிய பழைய வீட்டை மற்றவருக்கு விற்பதும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது.

தேர்தலுக்குத் தேர்தல் ஒரு சான்றிதழ்

அங்கீகாரமற்ற குடியிருப்புகள் என்பது தில்லி அரசியலின் நிரந்தர அத்தியாயம். 2008 சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, அன்றைய காங்கிரஸ் அரசு 1,200-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் வழங்கியது. 2020 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2019 டிசம்பரில், பாஜக தலைமையிலான மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றியது. 1,731 குடியிருப்புகளில் வசிப்போருக்குச் சொத்துரிமை வழங்குவது அதன் நோக்கம். சுமார் 40 லட்சம் பேர் பயனடைவர் என்று அரசு கூறியது. சைனிக் ஃபார்ம்ஸ் உள்ளிட்ட வசதி படைத்தோர் குடியிருப்புகள் 69 இதில் சேர்க்கப்படவில்லை.

இச்சட்டத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 2011 தீர்ப்பு செல்லாது என்ற அதே பவர், ஒப்பந்தம், உயில், ரசீது ஆகியவற்றை, இந்தக் குடியிருப்புகளுக்கு மட்டும், உரிமை கோருவதற்கான ஆதாரமாக அது ஏற்றுக்கொண்டது. அரசு நிலத்தில் 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், வழிகாட்டி மதிப்பில் அரை சதவீதம். தனியார் நிலத்துக்கு அதிலும் பாதி. ஆனால் வாங்க வருவோரிடம் தரகர் சொல்லாமல் விடும் இரண்டு செய்திகள் உண்டு. வனப் பகுதி, யமுனை வெள்ளச் சமவெளி, உயர் அழுத்த மின் தடம், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களை ஒட்டிய இடம் ஆகியவற்றுக்கு இவ்வுரிமை கிடையாது. இரண்டாவது, நிலத்துக்கு உரிமை கிடைப்பதால் அதன்மேல் நிற்கும் கட்டடம் முறைப்படுத்தப்பட்டதாக ஆகிவிடாது.

அந்தக் கட்டடத்தை இடிக்காமல் காப்பது வேறொரு சட்டம். 2006-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் சீல் வைக்கும் பணி தொடங்கித் தலைநகரே கொந்தளித்தபோது, ஓராண்டுக்கு மட்டும் என்று ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆட்சிகள் மாறியும் அது காலாவதியாகவில்லை. இரு அவைகளிலும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. எதிர்க்கட்சிகள் கேள்வி கேட்கும்; எதிர்த்து வாக்களிக்கத் துணிவதில்லை. 2023 டிசம்பரில் செய்யப்பட்ட நீட்டிப்பின் கெடு 2026 டிசம்பர் 31. இக்குடியிருப்புகளில் அதன் பாதுகாப்பு, 2014 ஜூன் 1 வரை எழுந்த கட்டுமானத்துக்குத்தான். அதற்குப் பின் ஏறிய மாடியை வாங்குபவர் அந்தப் பாதுகாப்பையும் இழக்கிறார்.

இதற்கெல்லாம் அஞ்சி எல்லை தாண்டி நொய்டாவுக்குச் செல்வோருக்கு அங்கே வேறு கணக்கு. நிலம் அங்குள்ள ஆணையத்தின் 90 ஆண்டுக் குத்தகை. கட்டுமான நிறுவனம் ஆணையத்துக்குப் பாக்கி வைத்திருந்தால் குடியேறியவருக்குப் பத்திரப் பதிவு தடைபடும். ஆம்ரபாலி குழும வழக்கில் 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, வீடுகளைக் கட்டி முடிக்கும் பணியை அரசு நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

அறுபதுக்கு நாற்பது

விலை பேசி முடிந்ததும் தரகர் கேட்பது, "விகிதம் எப்படி?" வங்கி வழியாக அறுபது, ரொக்கமாக நாற்பது என்பது போன்ற பேச்சு 2016 பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகும் ஓய்ந்துவிடவில்லை. இதற்கு இடம் தருவது வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி. 2007-ல் தில்லியில் இம்மதிப்பு அறிமுகமானபோது குடியிருப்புகள் எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. 2014 செப்டம்பர் நிர்ணயப்படி முதல் வகையில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு 7.74 லட்சம் ரூபாய். எட்டாவது வகையில் 23,280 ரூபாய்.

ரொக்கத்துக்குச் சம்மதிப்பவர் இரு பக்கமும் மாட்டிக்கொள்கிறார். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற 2015 முதல் தடை உள்ளது. மீறினால் பெற்ற தொகை அளவுக்கே அபராதம். பத்திர விலை, வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வித்தியாசம் விற்பவர், வாங்குபவர் இருவர் கணக்கிலும் வரிக்கு உள்ளாகும். பேரம் முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்த "பயானா" எனும் முன்பணத்தை எந்த நீதிமன்றத்தில் கேட்பது? முன்பணம் வங்கி வழியாகவும், ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டும் இருக்க வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு குடியிருப்பவருக்கு, 2001 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பழைய பாதுகாப்பு இல்லை.

முத்திரைத் தீர்வை பெண்களுக்கு இரண்டு சதவீதப் புள்ளிகள் குறைவு என்பதால் தில்லியில் மனைவி பெயரில் வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. சலுகைக்காகப் பெயரை எழுதிய கணவர், விற்கும் நாளில் கையெழுத்திட வேண்டியவர் மனைவி என்பதை மறந்து, தானே பேரம் பேசி முன்பணம் வாங்கிவிடுவதும் உண்டு. பத்திரத்தில் பெயர் உள்ளவரிடமே பேச வேண்டும்.

விலை 50 லட்சம் ரூபாயை எட்டினால், ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்தும் பொறுப்பு 2013 ஜூன் முதல் வாங்குபவருடையது. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் ஒரு சதவீதம் பொருந்தாது. 50 லட்சம் வரம்பும் இல்லை. மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே பிடிக்க வேண்டும். பெற்றோர் மறைந்தபின் அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் விற்கும் தென்னிந்தியக் குடும்பங்களின் வீடுகளில் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. பிடிக்காமல் விட்ட வரியை வாங்கியவரிடமிருந்துதான் துறை கேட்கும்.

விற்பவரின் வரி 2024 பட்ஜெட்டில் மாறியது. பணவீக்கச் சரிக்கட்டலை நீக்கி 12.5 சதவீதம் என்ற அறிவிப்புக்குக் கடும் எதிர்ப்பு எழுந்ததால், ஆகஸ்டில் நிதி மசோதா மக்களவையில் நிறைவேறியபோது அரசு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்பவர், இந்தியாவில் வசிக்கும் தனிநபராக இருந்தால், சரிக்கட்டலுடன் 20 சதவீதம் அல்லது அது இல்லாமல் 12.5 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைச் செலுத்தலாம். அந்த ஆதாயத்தைக் கொண்டு தமிழ்நாட்டில் வேறு வீடு வாங்கினால், வாங்குவதற்கு இரண்டாண்டு, கட்டுவதற்கு மூன்றாண்டு அவகாசத்துக்குள் வரிவிலக்கு உண்டு.

பதிவு முடிந்த நாளிலேயே அசல் தாள்கள் அனைத்தையும் பெற்று, மின் இணைப்பையும் மாநகராட்சிச் சொத்து வரிப் பதிவையும் பெயர் மாற்ற வேண்டும். வரிப் பதிவில் பெயர் ஏறுவது வரி வசூலுக்காகத்தானே தவிர உரிமைக்குச் சான்றல்ல. பத்திரப் பதிவும் விற்றவரின் உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் அல்ல. விற்பவரின் உரிமையைச் சரிபார்க்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று கூறி, தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தச் சரிபார்ப்பு வாங்குபவரின் வேலையாகவும் அவர் அமர்த்தும் வழக்கறிஞரின் வேலையாகவும் இருக்கிறது. அந்த வழக்கறிஞர் தரகர் சிபாரிசு செய்தவராக இருக்கக் கூடாது.