சரஸ்: நம் நாட்டு இரட்டை எஞ்சின் விமானம்

மயிலாப்பூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்றும் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 கேம் இருக்கிறது. அதில் கிங் ஏர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தைப் பறக்கவிட்டு, நடுவானில் எஞ்சினை நிறுத்துவேன். கண்ட்ரோல் கீயுடன் ஈ கீயை அழுத்தினால் மறுபடி ஓடும். கீழே விழுந்தாலும் கவலையில்லை, மறுபடி ஆரம்பிக்கலாம்!

இதே டர்போப்ராப் வகைதான் சரஸ். அதாவது, டர்பைன் எஞ்சின் புரொப்பெல்லரைச் சுழற்றும். 14 பேருக்காக இதை வடிவமைத்தது பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகம். புரொப்பெல்லர்கள் வால்பக்கம் இருந்து விமானத்தைத் தள்ளும். பார்க்கவே வித்தியாசமாக இருக்கும்.

1991-ல் ரஷ்யர்களுடன் கூட்டாகத் தொடங்கிய வேலை இது. பணமில்லாமல் அவர்கள் விலகினார்கள். முதல் விமானம் 2004 மே 29-ல்தான் பறந்தது. எடையோ திட்டமிட்டதைவிட அதிகம். எனவே 2007-ல் பறந்த இரண்டாவது விமானத்துக்குக் கூடுதல் சக்தியுள்ள எஞ்சின்கள் பொருத்தினார்கள்.

2009 மார்ச் 6. பெங்களூர் அருகே பிடதி. ஒரு எஞ்சினை வானில் நிறுத்தி மறுபடி இயக்கும் சோதனை. நான் விளையாட்டாகச் செய்கிறேனே, அதேதான். இரண்டாவது விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த விமானப்படையினர் மூவரும் இறந்தனர்.

பல வருடங்கள் திட்டம் முடங்கிக் கிடந்தது. முதல் விமானத்தைத் திருத்தியமைத்து, 2018 ஜனவரி 24-ல் மறுபடி பறக்கவிட்டார்கள். அடுத்து, 19 பேருக்கான மார்க் 2 வடிவமைப்பில் இறங்கினார்கள்.