ரிப்போர்ட் கையில் வந்ததும் ராஜினாமா எழுதாதீர்கள்

பெங்களூரில் பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, பேகூர் ரோடு பக்கத்து கார்மெண்ட்ஸ்களில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மார்பிலோ கர்ப்பப்பை வாயிலோ புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வீட்டில் அழுது ஓய்வார்கள். மறுநாளே கம்பெனிக்குப் போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்து வைத்தியம் பார்க்கலாம் என்பது கணக்கு. "உடம்பப் பாத்துக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே எச்.ஆர். ஆட்களே பேப்பரை நீட்டுவதும் உண்டு. அந்த அக்கறையை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சில மாதங்களில் ஈ.எஸ்.ஐ. உரிமையும் முடிந்துபோகிறது. அப்போது இரண்டாவது கீமோவோ மூன்றாவதோ நடந்துகொண்டிருக்கும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அதில் 0.75 சதவீதத்தை ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். இந்த நாளுக்காகத்தான் பிடிக்கிறார்கள். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் அதில் அடக்கம். தொழிலாளிக்கு மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் வைத்தியம் உண்டு. வழி மட்டும் மாறக் கூடாது. முதலில் உங்கள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி. அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. அங்கே வசதி இல்லையென்றால் அவர்களே ஒப்பந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். கடிதம் வாங்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டு, பில்லோடு வந்து நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும்.

வைத்தியத்தைவிட யாருக்கும் தெரியாத விஷயம் சம்பளம். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருப்பதால், 91 நாள் முடிந்த பிறகு 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். டிஸ்பென்சரி டாக்டர் தரும் சான்றிதழை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். ஒரு சான்றிதழ் முடிவதற்குள் அடுத்ததை வாங்கிவிடுங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் அந்த நாட்களுக்கான பணம் சிக்கிக்கொள்ளும். "சர்வர் டவுன், அடுத்த வாரம் வாங்க" என்று கவுண்டரில் சொல்வார்கள். கீமோ போட்டுக்கொண்டு நிற்க முடியாதவரை இப்படித் திருப்பி அனுப்புவது அநியாயம். இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து வேறு ஆளை அனுப்புங்கள்.

பி.எஃப்.? வேலையில் இருந்துகொண்டே வைத்தியச் செலவுக்கு அதிலிருந்து பணம் எடுக்கலாம். அதற்காக ராஜினாமா தேவையே இல்லை. கார்மெண்ட்ஸ் மட்டுமல்ல, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி ஆட்களும் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ராஜினாமா தேவையே இல்லை.

ஈ.எஸ்.ஐ. இல்லாத வீட்டு வேலைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கட்டட வேலைக்காரர்களிடம் கர்நாடக பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முதலில் அரசு ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கார்டை முதல் நாளே காட்டுங்கள். பணத்தைக் கட்டிவிட்டு டிஸ்சார்ஜ் அன்று கார்டை நீட்டுபவர்களுக்குக் கட்டிய பணம் திரும்ப வருவதில்லை. ரேஷன் கார்டு இன்னும் ஊரிலேயே இருந்தால் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். அதுவும் 5 லட்சம். ரயிலில் வைத்தியத்துக்குப் போய்வரப் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் கிடையாது. கூட வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

டெய்ரி சர்க்கிள் பக்கத்தில் 1973-லிருந்து இருக்கும் கித்வாய் அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி நம் ஓசூர் ரோட்டிலேயே, சில்க் போர்டைத் தாண்டினால் வந்துவிடும். "அங்கே கூட்டம்" என்று பயந்து, வட்டிக்கு வாங்கி வேறெங்கோ ஆரம்பித்து, பணம் தீர்ந்ததும் பாதியில் அங்கே வருகிறார்கள். வரும்போது பயாப்சி ரிப்போர்ட் இருக்காது. பயாப்சியின் கண்ணாடித் தகட்டையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கலாம். கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

கீமோ போட்ட நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் டோலோ போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் சமயத்தில் கிருமி உடம்பில் ஏறினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. நள்ளிரவானாலும் கிளம்புங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்.

தைரியமாக இரு என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த கீமோவுக்குப் பணம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று தெரிந்தவருக்கே தைரியம் தங்குகிறது. அதைக் கெடுக்க வேர், பொடி, பத்தியம் என்று ஒரு கூட்டம் வரும். புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954 சட்டப்படி குற்றம். முதல் கட்டத்தில் கண்டுபிடித்த மார்பகப் புற்றுநோய்க்காரர்களில் பெரும்பாலோர் பிழைத்து வாழ்கிறார்கள். பொடியை நம்பி ஆறு மாதம் கழித்து வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. முட்டை, பால், பருப்பு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

வலியையும் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. டாக்டர் சொன்ன அளவில் மார்ஃபின் மாத்திரை சாப்பிடுவது போதைப் பழக்கம் ஆகாது. நோய் முற்றியவர்களை மாரத்தஹள்ளி பக்கத்தில் உள்ள கருணாஸ்ரயாவில் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டுக்கு வந்து கவனிப்பதும் உண்டு. சிகிச்சை முடிந்து தேறியவர்கள் டிஸ்பென்சரியில் வேலைக்குத் தகுதி என்று சான்றிதழ் வாங்கி, அதைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வேலையில் சேரலாம். சேர்ந்த பிறகும் செக்கப் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாத டார்கெட்டுக்காக அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.