உங்களுக்குத் தெரியுமா? நனைந்த அலுமினியத் தூள்

* கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் யன்னல், கதவு செய்யும் அலுமினியக் கடைகளில் அறுக்கும்போது விழும் துருவல் இலேசில் தீப்பற்றாது. பயப்பட வேண்டியது, தேய்த்து மெருகேற்றும்போது எழும் மா போன்ற தூசுக்குத்தான். அது காற்றில் கலந்து நிற்கையில் ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

* அந்தத் தூசைத் தண்ணீரில் பிடித்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. நனைந்த தூள் மெல்ல மெல்ல ஐதரசன் வாயுவை விடும். ஒரு கிலோ முழுவதும் தாக்கமடைந்தால் சுமார் 1,200 லீற்றர். காற்றில் 4 வீதம் ஐதரசன் சேர்ந்தாலே எரியும். ஆகவே ஈரத்தூளை இறுக மூடிய பீப்பாயில் வைக்கவே கூடாது.

* 2014 ஆகஸ்ட் 2. சீனாவின் குன்ஷானில், கார் சில்லுகளுக்கு மெருகேற்றும் தொழிற்சாலை. தூசு சேரும் பீப்பாய் துருப்பிடித்து, உள்ளே ஈரம் இறங்கியது. ஈரத்தூள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்க, ஆலை முழுவதும் படிந்து கிடந்த தூசும் சேர்ந்து வெடித்தது. அன்றே 75 பேர் இறந்தார்கள். பிறகு காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்தால் 146 பேர். தூசை அன்றன்று அள்ளியிருந்தால் இத்தனை உயிர் போயிராது.

* ஐதரசன் வராமல் தடுக்க, தூசு பிடிக்கும் தண்ணீரில் நிரோதி (தாக்கத்தை அடக்கும் பொருள்) சேர்க்கலாம். பொசுபேற்று உப்புகள் ஒவ்வொரு துணிக்கையின் மேலும் கரையாத மெல்லிய படலத்தைப் போர்த்தி, தண்ணீரை அண்டவிடாமல் செய்கின்றன. குரோமேற்றும் நன்றாகத் தடுக்கும். ஆனால் புற்றுநோய் தரும் நஞ்சு என்பதால் தொழிலாளியின் பக்கத்திலேயே அது வரக்கூடாது. மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் உள்ள பீனைலலனின் என்ற அமினோ அமிலமும் ஐதரசனைத் தடுப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2018இல் சோதித்துக் காட்டினார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இந்த வழிதான். ஆனாலும் நிரோதி தடுப்பது ஐதரசனை மட்டுமே. காற்றில் பறக்கும் தூசுக்குத் துப்புரவு அவசியம்.

* பெருநாள் இரவில் பிள்ளைகள் கொளுத்தும் பூவாணத்தின் வெள்ளொளியிலும் அலுமினியத் தூள் உண்டு. ஈரம் பட்டால் அந்தக் கலவை சூடேறும். அதைத் தடுக்கச் சிவகாசிப் பட்டாசுக் கலவைகளில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பார்கள். நாம் கரம் பலகையில் தூவுகிறோமே, அதே மா!

* கடற்காற்றிலுள்ள உப்பு, அலுமினியத்தைக் காக்கும் இயற்கைப் படலத்தை அரிக்கும். மாரி காலத்தில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். எனவே காய்ந்த தூசை நனையாத இடத்தில், மூடியுள்ள, துருப்பிடிக்காத உலோகப் பாத்திரத்தில் வையுங்கள்.

* அலுமினியத் தூள் பற்றி எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மணலை, தூசு கிளம்பாமல் மெதுவாகப் போட்டு மூடுங்கள். கடற்கரையில் அள்ளிய ஈரமணல் உதவாது.